விதவனத்துக்கும் விதஸுக்கும் நடுவே

மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். அட்டைகளைப் படிக்கும்போது காற்று கூடாது. ஒரு கோடையில் 'ரா' வரிசை மொத்தமும் கிளம்பிப் பறந்து, அதில் இரண்டு சொற்கள் ஜன்னல் வழியாகப் போய்க் கீழே கரும்புச்சாறு வண்டிக்காரரின் வாளியில் விழுந்தன, அன்றிலிருந்து இது சட்டம். ஆகவே மந்தைவெளியின் இந்த மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு ஒரு பேரகராதி செய்கிறவர்கள், இப்போது 'வி'யில் இருக்கிறவர்கள். மேசையின் தலைப்பக்கம் ஞானசுந்தரம் ஐயா, தலைமை ஆசிரியர், கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார், தூங்குகிறார் என்று நினைத்து அவசரமாகப் படித்தவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே அருளப்பன், மொழியியல்காரர், புனேயில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. என் பக்கத்தில் ஸ்ரீவத்ஸன், பாடசாலையில் வியாகரணம் படித்துவிட்டு வந்தவன், எங்களில் இளையவன், தினமும் மாடிப்படியின் கீழே நின்று என் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு மேலே வருகிறவன். அவனுடைய அட்டைக்கட்டில்தான் அது இருக்கிறது. விதவா. என் கட்டில் இருந்திருக்க வேண்டிய சொல். சொற்களை அகரவரிசையில் கட்டுக்கட்டாகப் பிரித்து நூல் சுற்றி ஆளுக்கொன்றாகத் தருவார்கள், யாருக்கு எது என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, தெய்வத்தின் பெயரும் மூல நோயின் பெயரும் ஒரே கட்டில் வரும், வந்ததை எழுத வேண்டும். இந்த முறை நான் நூலை அவிழ்த்தபோது விதன இருந்தது, செல்வமற்ற. விதரண, தடுத்து நிறுத்துதல். விதர்ம, அறமல்லாதது. விதவன, உதறல், நடுக்கம். அதற்கு அடுத்து விதஸ், பிரம்மாவின் ஒரு பெயர். நடுவில் ஒன்று இல்லை. முடிச்சும் வேறாக இருந்தது, பூணூலுக்குப் போடுவது போல இறுக்கமான சின்ன முடிச்சு. வீட்டில் ஒருத்திக்கு மனசு சரியில்லை என்றால் அரிவாள்மனையை எடுத்துப் பரணில் வைப்பார்கள் அல்லவா, அப்படி அந்தச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள். என் கணவர் சபாபதி போய் எட்டு மாதம் ஆகிறது. அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள், அகராதிக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய அன்பு. ஆனால் விதுரவை எடுக்க மறந்துவிட்டார்கள். மனைவியை இழந்தவன். அது என் கட்டின் கடைசியில் பத்திரமாக இருக்கிறது.

ஞானசுந்தரம் ஐயா விதன என்கிறார். நான் படிக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. மேசைமேல் நான்கு பென்சில்களும் எங்களுக்கு முன்னால் நேராகப் படுத்திருக்கின்றன. இது ஐயா வைத்த முறை. முன்பெல்லாம் மறுப்பு வந்தால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசி, கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து என்ன சார் பாகப்பிரிவினையா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு, மறுப்பு உள்ளவர் பேசக் கூடாது, பென்சிலை எடுத்துக் குறுக்கே வைக்க வேண்டும், படிக்கிறவர் உடனே நிறுத்த வேண்டும், வைத்தவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அருளப்பனின் பென்சில் என் அட்டைகளுக்குக் குறுக்கே விழுந்ததைப் போல வேறு யாருடைய அட்டைக்கும் விழுந்ததில்லை. 'ப' வரிசையில் ஒரு முழுக் காலை ஒரே சொல்லில் போயிருக்கிறது. கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "மேடம், இந்தப் பொருளை எந்தச் சந்தையில வாங்கினீங்க?" என்பார். வீட்டுக்குப் போய்ச் சபாபதியிடம் சொல்லிப் பொருமுவேன். அவர் மின்வாரியத்தில் இருந்தவர், சாயங்காலம் ஸ்கூட்டரோடு கீழே புங்கமரத்தடியில் நிற்பார், நான் ஏறி உட்கார்ந்ததும் கழுத்தைத் திருப்பாமலே "இன்னிக்கு எந்த எழுத்து?" என்று கேட்பார். இன்னும் 'ப'வா என்பார். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மாத்த ஆறு மாசம்னு எங்களைத் திட்டறீங்க, நீங்க ஒரு எழுத்துக்கு எத்தனை வருஷம் எடுத்துக்கறீங்க, யாராவது உங்களைக் கேக்கறாங்களா என்பார். அவர் போன அன்று நாங்கள் 'வா'வில் இருந்தோம். பதினாறு நாள் கழித்து நான் திரும்பி வந்தபோதும் 'வா'வில்தான் இருந்தார்கள், எனக்காக மெதுவாகப் போனார்களோ என்னவோ. அன்றிலிருந்து என் அட்டைகளுக்குக் குறுக்கே ஒரு பென்சிலும் விழவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. துக்கத்தில் நன்றாக எழுதுகிறேன் போலிருக்கிறது என்றுகூட ஒரு நாள் நினைத்துக்கொண்டேன், அவ்வளவு மடத்தனம். பிறகு சந்தேகம் வந்தது. விதஸ்தி என்று ஒரு சொல், வேறு 'த', அதனால் வரிசையில் முன்னாலேயே வந்துவிட்டது, சாண், பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, பன்னிரண்டு அங்குலம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் பத்து அங்குலம் என்று எழுதி, பத்து என்பதைக் கொஞ்சம் நிறுத்தியே படித்தேன். ஐயாவின் கண் மூடியிருந்தது. ஸ்ரீவத்ஸன் அட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அருளப்பன் தன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தார், அளப்பது போல, அதை ஒரு கணம் பார்த்தார், பிறகு மடக்கி மடியில் போட்டுக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. மயானத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் வாசலில் கால் கழுவிய தண்ணீரைப் பார்த்தபோதுகூட அந்தப் பயம் இல்லை. இனிமேல் நான் எதை எழுதினாலும் சரி என்று விட்டுவிடுவார்கள். தவறோடு அச்சாகிவிடுவேன்.

விதரண. படிக்கிறேன். ஒன்றுமில்லை. விதர்ம. ஒன்றுமில்லை. ஐயாவின் நெற்றியில் வியர்வை ஒரு கோடாக இறங்கிப் புருவத்தில் நிற்கிறது. என் கைப்பைக்குள் என் அட்டை இருக்கிறது, விதவாவுக்கு நானே எழுதியது, யாரும் தராத சொல்லுக்கு வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். எதிரே அத்தை, சபாபதியின் அம்மா, ரசத்தில் இட்லியை ஊறவைத்துக்கொண்டு, "ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதேன்னு அவன் சொல்வானே" என்றார். சொல்வார்தான் அத்தை என்றேன். அட்டையில் அப்போது பெண்பால், ஆகார ஈறு, லதா என்ற சொல்லைப் போல வேற்றுமை ஏற்கும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். விதவா, ஒருத்தி. விதவே, இருவர். விதவாஹ என்று முடித்தால் பலர். இரண்டு பேருக்கு மட்டும் என்று அந்த மொழியில் ஓர் எண் இருக்கிறது, கண்களுக்கும் கைகளுக்கும் பூட்டிய குதிரை ஜோடிக்கும். விதவே. நிமிர்ந்து பார்த்தேன், அத்தை இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார், மாமா போய் இருபது வருஷம், அவருக்கு நான் இப்போது ஜோடி. அவரை அந்தச் சொல்லால் கூப்பிடுவதாக இருந்தாலும் அதே உருவம்தான், விதவே, ஒருமை விளி. யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. யாரும் எந்த உருவத்திலும் அந்தச் சொல்லை என் காதுபடச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டம்மா "சார் இல்லாம" என்கிறாள். தாலுகா ஆபீஸ் பெண் குரலைத் தாழ்த்தி "அந்தச் சர்ட்டிபிகேட்" என்றாள். வங்கியில் ஒரு பையன்தான், கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல், மேடம் மேரீடா சிங்கிளா விடோவா, எதை டிக் பண்ணட்டும் என்றான். விடோ என்றேன். டிக் செய்தான். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது ரொம்ப நாள் கழித்து யாரோ என் பெயரைச் சரியாக உச்சரித்த மாதிரி இருந்தது. அதே சொல்தானே அது, லத்தீனில் விதுவா, ரஷ்யாவில் வ்தோவா, ஜெர்மன்காரர்களிடம் வித்வே, பாரசீகத்தில் தேய்ந்து பீவா. இவர்களெல்லாம் பிரிந்து போவதற்கு முன்னால், ஏதோ ஒரு புல்வெளியில் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்தபோதே அவளுக்குப் பெயர் இருந்திருக்கிறது. ஸ்ரீவத்ஸன் என்ன எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரியும். வி என்றால் இல்லாமை, தவ என்றால் கணவன், தவ இல்லாதவள் விதவா. உரைகாரர்கள் எல்லோரும் சொல்லும் பிரிப்பு, கேட்டவுடன் தாழ்ப்பாள் போல விழுந்து பொருந்தும். ஆனால் வேதத்தின் மிகப் பழைய பாடல்களில் போய் அந்தத் தவ எங்கே என்று தேடினால் அவன் கிடையாது. தவ என்று ஒரு மரம் இருக்கிறது. தவ என்று கணவன் இல்லை. அவள் இருக்கிறாள், கொழுந்தனைப் படுக்கைக்கு அழைக்கிறவளாகக்கூட ஓர் உவமையில் வருகிறாள், முக்காடும் மூலையும் ஒன்றும் இல்லாமல். வித் என்று ஒரு வேர், வெறுமையாக இரு, இல்லாமல் நில். அதிலிருந்து வந்தவள். பின்னால் வந்தவர்கள் அவளைப் பார்த்து, முன்னால் ஒரு வி இருக்கிறதே, அப்படியானால் மீதி இருப்பது கணவனாகத்தான் இருக்க வேண்டும் என்று வெட்டி எடுத்தார்கள். அப்படிப் பிறந்தவன் தவ. பிறகு அவனுக்கு ஒரு வேர் தேடி உதறு என்ற வேரில் கொண்டுபோய்க் கட்டினார்கள், அவன் இருந்தால் சதவா என்று இன்னொருத்தியைச் செய்தார்கள், மாதவன் என்ற பெயரைக்கூட மா என்கிற லட்சுமியின் தவன் என்று பிரித்துக்கொண்டார்கள். எல்லாம் அவளிடமிருந்து வந்தது. இதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை. சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். சரியாக இருப்பது அச்சாக வேண்டும். அந்த அட்டையை நான் வாங்க வேண்டும். வாங்கினால் படிக்க வேண்டும், அந்த இடத்தில்தான் சிக்குகிறது, எழுதினேனே ஒழிய ஒரு தடவைகூட வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை. பாதியில் குரல் போய்விட்டால் இவர்கள் எடுத்து வைத்தது சரி என்று ஆகிவிடும். ஸ்ரீவத்ஸன் தண்ணீர் எடுத்து வருவான். ஐயா இன்றைக்குப் போதும் என்பார். அதற்கப்புறம் இந்த மேசையில் நான் விருந்தாளி.

"விதவன," என்கிறார் ஐயா. உதறல், அசைத்தல், நடுக்கம், நபும்சகப்பால், உதறு என்ற வினையிலிருந்து. என் குரல் எனக்குக் கேட்கிறது, கடைசியில் ஒரு மயிரிழை தடித்து நிற்கிறது, புழுக்கத்தினால் இருக்கலாம். பென்சில்கள் நேராக இருக்கின்றன. அட்டையைக் கவிழ்த்து வைக்கிறேன். ஐயா அடுத்த சொல்லைச் சொல்லவில்லை. கண்ணைத் திறக்காமலே ஸ்ரீவத்ஸன் பக்கம் தாடையை லேசாக ஆட்டுகிறார், ஓ, சொல்லாமலே கடந்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். ஸ்ரீவத்ஸன் தன் கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவுகிறான். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்கிறான். அட்டையைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி, "விதவா. பெண்பால். வி, தவ" என்று ஆரம்பிக்கிறான், நோயாளி தூங்குகிற அறையில் பேசுவது போல. நான் பென்சிலை எடுத்துக் குறுக்கே வைத்தேன். மரத்தில் மரம் படும் சின்னச் சத்தம். அவன் நிறுத்திவிட்டான், அது சட்டம். அவன் காது சிவந்துபோவதைப் பார்த்தேன். "ரெண்டு மறுப்பு," என்றேன். "ஒண்ணு, இது என் கட்டுல வர வேண்டிய அட்டை." யாரும் வாயைத் திறக்கவில்லை, திறக்கக் கூடாது, இந்த முறையை உண்டாக்கினதற்கு ஐயாவுக்கு நான் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். "எடுத்தது எதுக்குன்னு தெரியும். நல்ல மனசுதான். ஆனா எட்டு மாசமா என் அட்டையில யாரும் கை வைக்கலை. சாண் பத்து அங்குலம்னு படிச்சேன், கேட்டுட்டு உட்கார்ந்திருந்தீங்க. மறுநாள் நானே திருத்தினேன். இப்படியே போனா நான் இங்க வர்றது எதுக்கு?" ஐயாவின் கண்கள் திறந்திருந்தன. அவை எவ்வளவு வெளிர் பழுப்பு என்பதை மறந்தே போயிருந்தேன். "ரெண்டாவது, தவ. அது என் அட்டையில இருக்கு." கைப்பையைத் திறந்தேன். சீப்பு, சாவி, மாத்திரைப் பட்டை, அட்டை. ஸ்ரீவத்ஸன் தன்னுடையதைத் தலைகீழாகத் திருப்பி என் பக்கம் நகர்த்திவைத்தான். "தப்பா நினைக்காதீங்கோ மேடம். நான்தான் ஐயாகிட்ட சொன்னேன். உங்க வாயால அதைப் படிக்க வேண்டாமேன்னு." "உன் முடிச்சைப் பார்த்ததுமே தெரிஞ்சுது," என்றேன். "அடுத்த தடவை திருடினா முடிச்சை மாத்திப் போடு." ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "படிம்மா அபயா," என்றார். பிறகு, ஒன்பது மாதத்துக்கு முன்னால் சொல்லியிருப்பதைப் போலவே, சத்தமாக, அந்தச் சொல்லை அறிவித்தார். "விதவா."

படித்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அருளப்பன் மட்டும் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். விதவா, பெண்பால் என்று சொன்னபோது குரல் இருந்தது, வேலைக்குரல், இருபது வருஷமாக இதே மேசையில் சொற்களைப் படித்த குரல், அது என்னைக் கேட்காமல் தானாகவே போய்க்கொண்டிருந்தது, கடை சாத்தியிருந்தாலும் பழக்கத்தில் அந்தத் தெருவுக்கே போய் நிற்கிற கால் மாதிரி. வேரைச் சொன்னேன். ரஷ்யாவையும் பாரசீகத்தையும் சொன்னேன். தவ பிற்காலத்தில் இதிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது என்று படிக்கும்போது புங்கமரத்தடியில் ஸ்கூட்டர் நிற்பது தெரிந்தது, கழுத்தைத் திருப்பாத முதுகு, சட்டைக் காலருக்கு மேல் வெயில் பட்டுக் கறுத்த கோடு, தெரியட்டும் என்று விட்டுவிட்டுப் படித்தேன். எங்கேயோ ஓரிடத்தில் நின்றேன். மூச்சு வாங்கத்தான் நின்றேன், ஆனால் ஸ்ரீவத்ஸனின் கை தண்ணீர் ஜாடியின் பக்கம் நகர்ந்தது, அதைப் பார்த்ததும் அடுத்த வரிக்குப் போனேன். பொருள், கணவனை இழந்தவள், கைம்பெண், விதவை. ஆட்சி இடங்கள். முடிந்தது. அட்டையைக் கீழே வைத்தேன். கீழே கரும்பு பிழிகிற எந்திரத்தின் சலங்கை ஒலித்தது. அவ்வளவுதானா என்று இருந்தது. ஐயா ஆமோதிக்கத் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார், நல்லது, இனி விதஸ், பிரம்மா, மத்தியானச் சாப்பாடு. அப்போது எதிரே ஒரு சத்தம். அருளப்பன் பென்சிலை எடுத்துக் குறுக்கே வைத்திருந்தார். ஸ்ரீவத்ஸன் "சார்" என்றான், சட்டத்தை மீறி. அருளப்பன் அவனைப் பார்க்கவில்லை. கிராம்பை மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். "சொல்லுக்குள்ள புருஷனே கிடையாதுன்னு இவ்வளவு நேரம் நிரூபிச்சீங்க," என்றார். "ரொம்பச் சரி, எனக்கு அதுல சண்டை இல்லை. அப்புறம் பொருள்னு போட்டு முதல் வார்த்தையே கணவனை இழந்தவள். வாசல்ல நிறுத்தின ஆளைக் கொல்லைப்பக்கமா நீங்களே கூட்டிட்டு வந்து உட்கார வெச்சுட்டீங்களே மேடம்."

அட்டையைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். கணவனை. எழுதியபோது தெரியவில்லை, படித்தபோது தெரியவில்லை, அத்தைக்கு எதிரே உட்கார்ந்து அவ்வளவு யோசித்து எழுதிய அட்டையில் முதல் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல். முகத்தில் ரத்தம் ஏறியது, 'ப' வரிசைக் காலத்தில் ஏறுமே அதே ரத்தம், காது மடல்வரை, இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு நூலைப் பிடித்து இழுப்பார், இன்றைக்கு வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்லிப் பொருமுவது, அத்தையிடம்தான் சொல்ல வேண்டும், அத்தைக்கு இது பிடிக்கும். "வேர்ல இல்லை டாக்டர்," என்றேன். "பொருள்ல இருக்கார். ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் அந்தப் பொருள்லதான் சொல்லியிருக்காங்க. நமக்குப் பிடிக்கலைன்னு எடுக்க முடியாது." "அப்ப வேரை எதுக்கு இவ்வளவு நீளமா எழுதினீங்க?" "எப்ப வந்து உட்கார்ந்தார்னு தெரியணும் இல்லையா?" "அது விளக்கம். பொருள்ல கைம்பெண்ணை முதல்ல போடுங்க, இவர் ரெண்டாவதா வரட்டும்." "முடியாது. முதல்லதான் வருவார்." "ஏன்?" அட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பதில் வரும் என்று தெரிந்தது. பென்சிலை அவர் எடுக்கவில்லை, நான் எடுக்கச் சொல்லவும் இல்லை. ஞானசுந்தரம் ஐயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது இப்போதைக்கு முடியாது. யாராவது அந்த ஃபேனைப் போடுங்கப்பா," என்றார், குரலில் எரிச்சலே இல்லை. ஸ்ரீவத்ஸன் எழுந்து போய் சுவிட்சைத் தட்டினான். விசிறி முதலில் முனகி, பிறகு சுற்றியது, எல்லோரும் அவரவர் சொற்களின் மேல் அவசரமாகக் கையை வைத்து அழுத்திக்கொண்டோம். விதவாவின் மேல் என் வலது கை, விரல்கள் விரிந்து, பெருவிரல் அட்டையின் ஒரு விளிம்பில், சுண்டுவிரல் மறு விளிம்பில். அருளப்பன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னிரண்டு," என்றார். "பத்து இல்லை." "அன்னிக்கே வெச்சிருக்கணும் பென்சிலை," என்றேன்.